புழு இல்ல, நாக்கு

அந்த ஆமை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, மூடவே மாட்டேன் என்று கிடந்தது. முதலில் பார்த்தபோது அது ஆமை என்றே மங்கையர்க்கரசிக்குத் தெரியவில்லை. எவனோ தொட்டிக்குள் ஒரு பாறாங்கல்லைப் போட்டு, பாசியைக்கூடத் தேய்க்காமல் வைத்திருக்கிறான், இதற்கு ஒரு டிக்கெட்டு வேறா என்றுதான் நினைத்தாள். அப்புறம் பார்த்தால் கல்லுக்கு ஒரு கண் இருந்தது. கண்ணுக்குக் கீழே வாய், வாய்க்குள்ளும் அதே அழுக்கு நிறம், அந்த அழுக்கின் நடுவில் மட்டும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு இளஞ்சிவப்பாய் ஒன்று நெளிந்தது, நின்றது, மறுபடி நெளிந்தது. மழை விட்டதும் வாசல் சிமெண்டில் நெளியுமே மண்புழு, அதே மாதிரி. "புழு இல்லீங்க, நாக்கு! நாக்கு! நல்லாப் பாத்துக்கங்க!" என்று மைக்கில் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். "அமெரிக்கா ஆமைங்க! ஓடாது, ஆடாது, தேடிப் போகாது. வாயத் தொறந்துட்டு நாக்க மட்டும் ஆட்டும். மீனு புழுன்னு நெனச்சு உள்ள வரும். வந்துச்சா? டப்பு! அம்புட்டுதான்!" டப்பு என்று சொல்லும்போதெல்லாம் அவன் மைக்கைத் தட்டினான், அது மங்கையின் நெஞ்சிலேயே தட்டுவது போலிருந்தது. பொருட்காட்சிக் கொட்டகைக்குள் நீல விளக்கு, மேலே சுற்றும் காற்றாடிக்குக் கீழே வேர்வை, மீன் வாடை, வெளியிலிருந்து டெல்லி அப்பளம் பொரிக்கிற எண்ணெய் வாடை. ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் மதுரையே இங்கே வந்து நின்ற மாதிரி கூட்டம். எல்லோரும் ஆமையைப் பார்க்க, மங்கை மட்டும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கூட்டத்துக்குள் ஒரு பையன் வருவான், அவன் அம்மா வருவாள். வந்து ஆமையைப் பார்ப்பது போல அக்கா மகள் உமையாளைப் பார்ப்பார்கள். உமையாளுக்கு அது தெரியக் கூடாது. தெரியாதபடிக்கு அவளை இந்தத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தி வைத்திருப்பதுதான் மங்கைக்கு அக்கா கொடுத்த வேலை. கைப்பைக்குள் போன் நடுங்கியது. எடுக்க வேண்டாம், அக்காதான். வெளியே காரில் உட்கார்ந்திருக்கிறாள், முட்டி வலி, நிற்க முடியாது, அதோடு அவள் தலை தெரிந்தால் உமை கண்டுபிடித்துவிடுவாள். போன் நடுங்கி ஓய்ந்தது.

அக்கா திலகவதி கெட்டவள் இல்லை. இதை மங்கை காலையிலிருந்து எத்தனை தடவை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாது. கெட்டவளாக இருந்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும், முடியாது போ என்றிருக்கலாம். அக்கா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்று, "நீ கூப்பிட்டா வருவா மங்கை. நான் கூப்பிட்டா எதுக்குன்னு கேப்பா" என்றாள். "நல்ல இடம்டி. பையன் தங்கம்னு சொல்றாங்க. ஒரு தடவ பாத்துக்கட்டும், புடிச்சா மேல பேசுவோம், புடிக்கலைன்னா அவளுக்குத் தெரியவே தெரியாதுல்ல. மனசு நோகாதுல்ல." பிடித்திருந்தால் அவர்களே பக்கத்தில் வந்து, அடடே நீங்க திலகவதி டீச்சர் தங்கச்சிதானே என்று பேச்சை ஆரம்பிப்பார்கள். பிடிக்காவிட்டால் கூட்டத்தோடு கூட்டமாய் நகர்ந்துவிடுவார்கள். சொஜ்ஜி பஜ்ஜி இல்லை, தலை குனிந்து நிற்பதில்லை, வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம் என்று பக்கத்து வீட்டுக்காரி உச்சுக் கொட்டுவதில்லை. எவ்வளவு நாசூக்கான ஏற்பாடு! அவங்க எப்படி இருப்பாங்க, அடையாளமாவது சொல்லேன் என்று மங்கை கேட்டதற்கு அக்கா சிரித்துவிட்டாள். "உனக்குச் சொன்னா நீ முழிக்கிற முழியிலேயே காட்டிக் கொடுத்துருவ." அதுவும் வாஸ்தவம்தான். மங்கை போய் உமையின் கட்டிலில் உட்கார்ந்து, "எனக்குப் பொருட்காட்சியில மீன் பாக்கணும் போல இருக்குடி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உமை போர்வையை உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் ஆறு நாளும் அடுத்தவர் கையையும் காலையும் மடக்கி நீட்டிப் பிடித்துவிடுகிற பெண், ஏழாம் நாள் தூங்குகிறவள், "சித்தி, நீயா? உனக்கா? நீயா ஒண்ணு கேக்கற?" என்று அவள் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, அதை மங்கையால் இப்போது நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. வாழ்நாள் முழுக்க ஒன்றும் கேட்காமல் இருந்தது இதற்குத்தானா? அந்த மயில் கழுத்துக் கலர் சுடிதாரைப் போட்டுக்கடி, எனக்குப் பிடிக்கும் என்று வேறு சொன்னாள். அது அக்கா சொல்லிக் கொடுத்தது. ஆனால் மங்கைக்கும் பிடிக்கும்தான், அதில் பொய் இல்லை, அதுதான் சங்கடமே.

"ஏங்க, வாய மூடும்போது நாக்கக் கடிச்சுக்காதா?" என்று தோளில் குழந்தையை வைத்திருந்த ஒருவர் கேட்டார். கூட்டம் சிரித்தது. "கடிக்காதுங்க! அதுக்குத் தெரியும்ங்க!" என்றான் மைக்குக்காரன். சிரிப்பு அடங்கிய பிறகும் மங்கைக்கு அந்தக் கேள்வி விடவில்லை. கடிக்காதா? எப்படிக் கடிக்காமல் இருக்கும்? நாக்கு அங்கேயேதானே இருக்கிறது, நட்டநடு வாயில், மீன் வந்து மூக்கால் முட்டுகிற இடத்தில். மேல் தாடை ஒரு கத்தி, கீழ்த் தாடை ஒரு கத்தி, இரண்டுக்கும் நடுவில் மெத்தென்று ஒரு சதைத் துண்டு. மீன் போய்விடும், ஒரே நொடி, அதற்கு என்ன நடந்தது என்றுகூடத் தெரியாது. நாக்குக்குத் தெரியுமே. மீன் எவ்வளவு ஆசையாக வந்தது என்று நாக்குக்கு மட்டும்தானே தெரியும், தொட்டுப் பார்த்தது அது ஒன்றுதானே. அடுத்த நிமிஷமே மறுபடி நெளிய வேண்டும், ஒன்றும் நடக்காத மாதிரி. சீ, என்ன நினைப்பு இது, ஆமை நாக்குக்கு மனசு இருக்கிறதா என்ன. ஆமைக்குப் பசி, அவ்வளவுதான். அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு மீனை விரட்ட முடியுமா? முடியாதவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்துதான் எதையாவது செய்தாக வேண்டும். அக்காவுக்கும் முட்டி வலி. அய்யய்யோ, அக்காவைப் போய் ஆமை என்று நினைக்கிறோமே. இருபது வயசிலிருந்து சோறு போடுகிறவளை. ஆனால் நினைப்பு வந்துவிட்டது, வந்ததை என்ன செய்ய. அக்கா ஆமையென்றால், காரில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறாள் என்றால், இங்கே நீல விளக்கில் நெளிந்துகொண்டு நிற்கிறது யார்? மங்கை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் கண்ணாடி வளையல் இடித்தது.

வளையல். அன்றைக்கும் வளையல்தான். "வளையல் வாங்கித் தரேன் வாடி" என்று அக்காதான் கூட்டிப் போனாள், மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலுக்கு எதிரே புதுமண்டபத்துக்கு. அப்போது அங்கே கடைகள் இருந்தன. தூணுக்குத் தூண் ஒரு கடை, ஒரு பக்கம் தையல் மிஷின் சத்தம், ஒரு பக்கம் பித்தளைப் பாத்திரம், நடுவில் வளையல் கடைகளில் கண்ணாடி வளையல் கம்பு கம்பாய்த் தொங்கிக்கொண்டு. மங்கைக்கு அப்போது உமையைவிடச் சின்ன வயசு. அக்கா புதுச் சேலை கட்டச் சொன்னாள், கட்டிக்கொண்டாள். தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துவிட்டாள், வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை, வளையல் சந்தோஷம். அன்றைக்கு அங்கே எங்கோ நின்று அவளைப் பார்த்தார்கள், பார்த்து வேண்டாமென்று சொன்னார்கள். இது மங்கைக்குத் தெரிந்தது வெகு காலம் கழித்து, ஒரு கல்யாணப் பந்தியில், பெரியம்மா ஒருத்தி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அன்னைக்குப் புதுமண்டபத்துல பாத்தவங்க மட்டும் சரின்னு சொல்லியிருந்தா இந்நேரம் நீயும் ரெண்டு பெத்திருப்ப. நெறம் கம்மின்னுட்டாங்களாமே, பாவி மக்க" என்றாள். மங்கை இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரசம் ஓடி இலையின் ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்காவிடம் கேட்டதற்கு, "உனக்குத் தெரியக் கூடாதுன்னு நான் பாத்ரூமுக்குள்ள போய்த் தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதேன்டி" என்று சொல்லி அக்கா மறுபடியும் அழுதாள். அழுத அக்காவை மங்கைதான் தேற்ற வேண்டியதாகப் போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வியாதி வந்தது, பெயரில்லாத வியாதி. யார்? அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் யார்? தூண் ஓரம் பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்த வழுக்கைத் தலையா? செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்து குனிந்து பார்த்த மீசைக்காரனா? தையல் கடை ஸ்டூலில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கிழவியா? ராத்திரி படுத்தால் ஒவ்வொரு முகமாக எடுத்துப் பார்ப்பாள். பஸ்ஸில் யாராவது திரும்பிப் பார்த்தால் தலைப்பை இழுத்து மூடிக்கொள்வாள். முகத்துக்கு நேரே வேண்டாமென்று சொல்லியிருந்தால், போடா நீயும் உன் மூஞ்சியும் என்று மனசுக்குள்ளாவது திட்டியிருக்கலாம். திட்டுவதற்கு ஒரு மூஞ்சி இல்லாமல் பண்ணிவிட்டார்கள்.

அன்றைய நாளில் ஒரே ஒரு நல்ல முகம்தான் உண்டு. அதை உமை குழந்தையாக இருந்தபோது கதையாகவே சொல்லியிருக்கிறாள். அக்கா பள்ளிக்கூடம் போய்விட, மங்கைதான் அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கப் பண்ணுவது. ஒரு ஊர்ல ஒரு வளையல் கடை இருந்துச்சாம், சித்தி எந்தக் கலர் எடுக்கறதுன்னு தெரியாம திருதிருன்னு முழிச்சுட்டு நின்னாளாம், அப்ப முன்னப் பின்னத் தெரியாத ஒரு அம்மா வந்து, சித்தி கையப் புடிச்சுத் திருப்பிப் பாத்துட்டு, பச்சை எடும்மா, உன் கைக்குப் பச்சைதான் எடுப்பா இருக்குன்னு சொன்னாங்களாம். அப்புறம்? அப்புறம் சித்தி அந்த அம்மாவப் பாத்து ஈன்னு சிரிச்சாளாம், பச்சை வளையல் வாங்கிட்டு வந்தாளாம். அவ்வளவுதான் கதை, ஆனாலும் உமை திரும்பத் திரும்பக் கேட்பாள். அந்த வளையல்களில் உடைந்தது போக மிச்சம் இரண்டு இன்னும் பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. பெற்ற தாயும் அக்காளும் தவிர ஒரு மனுஷி அவளிடம் அழகு என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அப்படி வளர்த்த உமை. போன வருஷம் ஒரு சொந்தக்காரர் வீட்டு வரவேற்பில் அக்கா அவளை வாசலில் நின்று பன்னீர் தெளிக்கச் சொன்னாள். தெளித்தாள், எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் எவளோ ஒருத்தி, நீ தெளிச்சதுல ரெண்டு பேரு உன்னப் பாக்க வந்தவங்கடி, வேணாம்னுட்டாங்க என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு ராத்திரி மங்கையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உமை கேட்டாள். "கல்யாணம் வேணாம்னா சொல்றேன்? பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும். நானும் பாக்க வேணாமா சித்தி? யாரப் பாத்து சிரிக்கிறேன்னு தெரியாமலா சிரிப்பேன் நான்?" அப்புறம் எழுந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ மட்டும் எனக்கு இப்படிப் பண்ண மாட்டல்ல?" என்றாள். மங்கை அவள் உச்சந்தலையில் கை வைத்து, "சத்தியமா மாட்டேன்" என்றாள். சொல்லி ஒரு வருஷம் ஆகவில்லை. பிறகு ஏன் வந்தாய் என்று யாராவது கேட்டால்? அக்கா வீட்டுச் சோறு என்பது ஒன்று. முடியாது என்றால் அக்கா வெளியே போ என்று சொல்ல மாட்டாள், ஆனால் ஒரு மாதிரி பேசாமல் இருப்பாள், அந்தப் பேசாமையில் ஒவ்வொரு கவளமும் தொண்டையில் நிற்கும். அது மட்டும்தானா? இல்லை. உமை தன்னை மாதிரி ஆகிவிடுவாளோ என்ற பயம். அடுப்படியில் ஈரக் கையோடு நிற்கிற ஒரு சித்தியாக, யாரோ பெற்ற பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டு. தங்கமான பையன் என்கிறார்களே, ஒரு வேளை இதுதான் அந்த இடமாக இருந்து, நம் சத்தியத்தால் அது தட்டிப் போய்விட்டால்? இப்படி இரண்டு பக்கமும் இழுத்து இழுத்து, கடைசியில் எதையும் முடிவு செய்யாமல் உமையின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எதையும் முடிவு செய்யாமல் இருப்பதுதான் தன் வாழ்க்கையில் தான் செய்த ஒரே காரியம் என்று அவளுக்குச் சட்டென்று கோபம் வந்தது.

"சித்தி, இங்க வா, இங்க வா!" உமை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். மங்கையின் கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டாள், பாப்கார்ன் உப்பு ஒட்டிய கை. "பாரேன், அது கண்ணே சிமிட்ட மாட்டேங்குது. எம்பது கிலோ கல்லு மாதிரி. ஆனா அந்த நாக்குக்கு மட்டும் தனியா உசிரு இருக்கற மாதிரி இல்ல?" "ஆமாடி." "உனக்குப் புடிச்சிருக்கா? ஏன் ஒரு மாதிரியா இருக்க? கால் வலிக்குதா? உக்காரணுமா?" "இல்லடி." "வெளிய போனதும் டெல்லி அப்பளம். ஆளுக்கு ஒண்ணு. பாதி எனக்குன்னு பங்கெல்லாம் கேக்கக் கூடாது." தொட்டிக்குள் மைக்குக்காரனின் ஆள் ஒரு சிறு வலையால் நாலைந்து பொடி மீன்களை விட்டிருந்தான். நான்கு மீன்கள் மூலைக்கு ஓடிப் போய் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. ஒன்று மட்டும் வந்தது. வாலை லேசாக ஆட்டிக்கொண்டு, நின்று நின்று, வாய்க்கு வெளியே கொஞ்ச தூரத்தில் வந்து, திரும்பி, மறுபடி வந்து. போயேன், போய்த் தொலையேன் என்று மங்கை உதட்டுக்குள் சொன்னாள். நாக்கு நெளிந்தது. மீன் இன்னும் ஒரு நூல் முன்னால் வந்தது. போன் மறுபடி நடுங்கியது. விடாமல் நடுங்கியது. அப்படியென்றால் வந்துவிட்டார்கள்.

யார்? மங்கை தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினாள். பழைய வியாதி. முகம் முகமாக. காதில் கடுக்கன் போட்ட பெரியவர், ஆமையைப் பார்க்கிறார். மூன்று பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு ஒரு அப்பா, ஆமையைப் பார்க்கிறான். போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு ஒரு கட்டம் போட்ட சட்டைப் பையன், அவனும் வாயைப் பிளந்துகொண்டு ஆமையைத்தான் பார்க்கிறான். எல்லோருக்கும் முகம் தொட்டியைப் பார்த்து, எல்லோர் மூஞ்சியிலும் நீலம். ஒரே ஒரு முகத்தில் மட்டும் நீலம் இல்லை. அந்தக் கட்டம் போட்ட சட்டைக்குப் பக்கத்தில் அரக்குக் கலர்ச் சேலை கட்டிய ஒரு அம்மா, தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, இவ்வளவு பெரிய அதிசயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எவளாவது நிற்பாளா? அவள் உமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையிலிருந்து கால் வரை, காலிலிருந்து தலை வரை. அந்த அம்மா நகர்ந்தாள், பக்கத்தில் வந்தாள், நல்ல முகம், சாந்தமான முகம், குங்குமம், மூக்கில் ஒற்றைக் கல். "பாத்தும்மா, கீழ தண்ணியாக் கெடக்கு, வழுக்கிடப் போகுது" என்றாள் உமையிடம். உமை திரும்பினாள். அந்த அம்மா அவள் முழங்கையை லேசாகத் தொட்டு, "இந்தக் கலர் உனக்கு எடுப்பா இருக்கும்மா" என்றாள். உமை சிரித்தாள். ஈ என்று, முழுப் பல்லும் தெரிய.

டப்பு என்று மைக் அதிர்ந்தது. ஐயோ என்று கூட்டம் கத்தியது. மங்கை அதைப் பார்க்கவே இல்லை. அவள் புதுமண்டபத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறாள் ஒரு அம்மா. பச்சை எடும்மா. கையை எதற்குத் திருப்பிப் பார்த்தாள்? கலர் பார்க்க. கையின் கலர் பார்க்க. நெறம் கம்மின்னுட்டாங்களாமே. இத்தனை காலம் சோடா குடித்தவனையும் செருப்புத் தேடியவனையும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தவளையும் ஒவ்வொருவராக நிறுத்தி வைத்து விசாரித்தாளே, பக்கத்திலேயே நின்றவளை விசாரிக்கவில்லையே. நல்ல முகம் என்று தனியாக எடுத்து வைத்துவிட்டாளே. பிள்ளைக்குக் கதையாக வேறு ஊட்டினாளே. அவளைப் பார்த்தல்லவா சிரித்தாள், இதே மாதிரி, இதே பல்லைக் காட்டிக்கொண்டு. மங்கைக்கு வந்தது அழுகையா கோபமா என்று பார்க்க நேரமில்லை, ஏனென்றால் உமையின் சிரிப்பு இன்னும் முடியவில்லை, அந்தச் சிரிப்பு இன்னும் அந்த அம்மாவிடம் போய்க்கொண்டே இருந்தது, அதை நிறுத்தியாக வேண்டும்.

"உமை," என்றாள். குரல் தன் குரல் மாதிரியே இல்லை. "இவங்க உன்னப் பாக்க வந்தவங்க. பொண்ணு பாக்க. எனக்குக் காலையிலேயே தெரியும். தெரிஞ்சுதான் உன்னக் கூட்டிட்டு வந்தேன்." உமையின் சிரிப்பு முகத்தில் இருந்த இடத்திலேயே நின்று, அப்புறம் மெதுவாகக் கழன்றது. அவள் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. மங்கையைத்தான் பார்த்தாள். பாப்கார்ன் உப்பு ஒட்டிய கை மங்கையின் கையிலிருந்து உருவிக்கொண்டது, முரட்டுத்தனமாகக்கூட இல்லை, அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கையை எடுப்பது மாதிரி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டாள். கட்டம் போட்ட சட்டை திரும்பி, "அம்மா! ஆமை பாக்கலாம் வான்னுதானேம்மா கூட்டிட்டு வந்த?" என்றது, காது வரைக்கும் சிவந்துபோய். அவனுக்கும் தெரியாதாம். அடப் பாவமே என்றிருந்தது மங்கைக்கு. அந்த அம்மா கையைப் பிசைந்தாள். "பொண்ணு மனசு நோகக் கூடாதுன்னுதானேம்மா இப்படி..." அவள் கண்ணில் பொய் இல்லை. "தெரியும்ங்க," என்றாள் மங்கை. "ஆனா நோகும். ரொம்ப நாளைக்கு நோகும். பாக்கணும்னா வீட்டுக்கு வாங்க. அவகிட்டக் கேட்டுட்டு வாங்க. அவளும் உங்களப் பாக்கட்டும், தம்பியையும் பாக்கட்டும்." சொல்லிவிட்டுத் தொட்டியைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்லத் திறந்தது. உள்ளே நாக்கு இருந்தது, முழுசாக. நெளியத் தொடங்கியது.

வெளியே ராட்டினத்து விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள். கார்கள் நிற்கிற பக்கம் போக மங்கையின் கால் கூசியது. அக்கா கண்ணாடியை இறக்கினாள். உமை இல்லாமல் தனியாக வருகிறவளைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "சொல்லிட்டியா?" "சொல்லிட்டேன்க்கா." "உன்ன நம்பி அனுப்புனேன் பாரு, என்னச் சொல்லணும்." "அவளும் என்ன நம்பித்தான்க்கா வந்தா." அக்கா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். வயசாகிவிட்டது அக்காவுக்கு. இன்று ராத்திரிச் சோறு எப்படி இறங்கும் என்று தெரியவில்லை. இருக்கட்டும், இறங்காவிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான். மங்கை ஸ்கூட்டர் வரிசைக்கு நடந்தாள். ஸ்கூட்டர் இருக்காது. இருக்காது என்றே நினைத்துக்கொண்டு போனாள், பஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டே போனாள், நினைத்துக்கொண்டு போனால் பார்க்கும்போது அவ்வளவு வலிக்காது என்று ஒரு கணக்கு.

ஸ்கூட்டர் இருந்தது. உமை அதன் மேல் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தாள், முகம் தெரியவில்லை. இன்னொரு ஹெல்மெட்டை நீட்டினாள். "ஏறு." மங்கை ஏறினாள். "அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா உன்கூட ரெண்டு நாளைக்குப் பேச மாட்டேன்." "ரெண்டு நாளா?" "மூணு." வண்டி கிளம்பியது. கை வைக்க இடம் தெரியாமல் மங்கை பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆற்றுப் பாலத்தில் காற்று அடித்தது. வண்டி ஓடுகிற சத்தத்தில், எதிரே முகம் இல்லாத தைரியத்தில், மங்கை சொன்னாள்: "உமை, அந்தப் பச்சை வளையல் அம்மா இருக்காங்கல்ல. நான் கதை சொல்லுவேனே. அவங்கதான்டி அன்னைக்கு என்னப் பாக்க வந்தவங்க. இப்பத்தான், அந்த ஆமைகிட்ட நிக்கும்போதுதான் எனக்குப் புரிஞ்சுச்சு." வண்டியின் வேகம் குறைந்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு தாண்டிப் போனான். உமை வண்டியைப் பாலத்தின் ஓரமாக நிறுத்தினாள். திரும்பவில்லை. பேச மாட்டேன் என்று சொன்னதை மறந்து, "வீட்டுக்குப் போனதும் அதை உடைச்சுப் போட்டுரு சித்தி" என்றாள். ஹெல்மெட்டுக்குள் அவள் குரல் கம்மியிருந்தது.

மங்கை யோசித்தாள். பிஸ்கட் டப்பா, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் இரண்டு வளையல். "ஏன்டி உடைக்கணும்?" என்றாள். "அவங்க எதுக்குச் சொன்னாங்களோ, என்னமோ. பச்சை எனக்கு நல்லாத்தான்டி இருந்துச்சு."

உமை வண்டியைக் கிளப்பினாள். கிளப்பிவிட்டு இடது கையைப் பின்னால் நீட்டித் தேடி, கம்பியைப் பிடித்திருந்த சித்தியின் கையைப் பிடுங்கி இழுத்து, தன் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.